புரொஃபசர் மஸ்தானும் மாமாவின் நீலக்கல் மோதிரமும்

அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகத் தெரிந்த மாதிரி பேசுவதற்கு ஒரு மைக் கிடைத்துவிட்டால் போதும், மனிதனுக்குக் கால் தரையில் நிற்காது. இது யாரோ சொல்லி நான் தெரிந்துகொண்டது இல்லை. மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எழுபது பேருக்கு முன்னால் நானே நிரூபித்துக் காட்டியது. அந்த எழுபது பேரில், எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று பார்த்துப் போக வந்தவரும் இருந்தார்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்தாலும் 'ஏன்' என்று கேட்காமல் விட முடியாது எனக்கு. அப்போது தி.நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. மாடிப்படியில் விழுந்து கால் உடைந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், எத்தனையாவது படி, அந்தப் படியில் ஏன் எண்ணெய் கொட்டியிருந்தது, அது நல்லெண்ணெயா தேங்காய் எண்ணெயா என்றெல்லாம் கேட்பேன். பாவம், அவர் கால் குணமாகிவிடும், என் விசாரணை முடியாது. வயது இருபத்தொன்பது. (கல்யாணம் ஆகவில்லை என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?)

அந்தச் சமயத்தில் அம்மா பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மர பீரோ வாங்கினாள். இழுப்பறையைத் துடைத்து வைக்கச் சொன்னாள். அடியில் விரித்திருந்த காகிதத்தை உருவினால், அது ஒரு நோட்டீஸ். தேதி இருந்த மூலையைக் கரப்பான் தின்றிருந்தது. மிச்சத்தில் இப்படி இருந்தது: 'பர்மா சென்று மீண்ட புரொஃபசர் மஸ்தானின் அதிசய ஜாலம். உங்கள் மோதிரம் உங்கள் கண்ணெதிரே மறையும். உங்கள் கண்ணெதிரே திரும்பும்.' அதற்கும் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி: 'கல் வைத்த மோதிரங்கள் வாங்கப்படமாட்டா.'

யார் இந்த மஸ்தான்? பர்மாவில் இவருக்கு என்ன வேலை? கல் வைத்த மோதிரம் என்ன பாவம் செய்தது? இழுப்பறை அப்படியே கிடந்தது. நான் அன்றைக்கே அலைய ஆரம்பித்துவிட்டேன்.

எட்டு மாதம். நாடகம் பார்த்த பெரியவர்கள், பழைய புத்தகக் கடை, ராயப்பேட்டைப் பக்கம் குடை ரிப்பேர் செய்பவர் என்று ஒருவர் இன்னொருவரைக் கை காட்ட, கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் முன்னால் போய் நின்றேன். மஸ்தானின் சொந்தப் பேரன். ஐம்பது வயது, கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. பர்மாவைப் பற்றிக் கேட்டதும் மெஷினை நிறுத்தினார்.

"பர்மாவா? தாதா ஹார்பரத் தாண்டுனதில்ல சார். கப்பலுக்கு டிக்கெட் எடுத்துக்கினு போனாரு. கப்பல் ஆடறத பாத்தே வாந்தி எடுத்துட்டு வூட்டுக்கு வந்துட்டாரு."

(அப்பாவின் அப்பாவை அவர்கள் வீட்டில் தாதா என்பார்கள்.) ஆக, 'சென்று மீண்ட' என்பது துறைமுகம் வரை சென்று மீண்டது. எனக்கு அந்த மனிதரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

மஸ்தான் தையல்காரர். நாடகக் கம்பெனிக்கு ராஜா உடுப்பும் சேவகன் உடுப்பும் தைத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் காட்சி மாற்றும்போது அரண்மனைத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கீழே ஒரே விசில். மேனேஜர் கையில் கிடைத்த ஆளைப் பிடித்து முன்னால் தள்ளினார், ஏதாவது செய்து சமாளி என்று. கிடைத்த ஆள் மஸ்தான். கையில் இருந்தது ஒரு நூல்கண்டு. அதை மறைத்தார், எடுத்தார், மறுபடி மறைத்தார். தான் தைத்த சட்டையில் எங்கே பை இருக்கிறது என்று தைத்தவனுக்குத் தெரியாதா? திரை சரியான பிறகும் ஜனங்கள் அவரை உள்ளே விடவில்லையாம்.

அப்புறம் ஏறுமுகம்தான். அந்தக் காலத்து வெரைட்டி நிகழ்ச்சி என்றால் இரண்டு பாட்டு, ஒரு சைக்கிள் பாலன்ஸ், ஒரு ஹாஸ்யம், நடுவில் இருபது நிமிஷம் புரொஃபசர் மஸ்தான். பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண ரிசெப்ஷன், பெரிய மனிதர்களின் கிளப் பார்ட்டி எல்லாவற்றிலும் அவர்தான். அவர் கோட்டில் மொத்தம் எத்தனை பை என்று அவருக்கே கணக்குத் தெரியாதாம். துவைக்கப் போட்டபோது ஒரு தடவை உள்ளேயிருந்து முழு முட்டை கிடைத்தது என்றார் பாய். இப்படிக் கொடிகட்டிப் பறந்தவர், ஒருநாள் மயிலாப்பூரில் ஷோ முடித்து வீட்டுக்கு வந்தார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், அதற்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. மறுநாளிலிருந்து சாகும் வரை தையல் மெஷின்தான்.

ஏன்?

பாயின் அப்பா கண் பார்வை குறைந்துவிட்டது என்றாராம். பாயின் அத்தை யாரோ ஒரு பெரியவர் கனவில் வந்து தடுத்தார் என்றாளாம். பாய்க்கே இரண்டிலும் நம்பிக்கை இல்லை. "அவரு வாயத் தொறக்கல சார். அத மட்டும் கேட்டா எந்திரிச்சுப் பூடுவாரு. எனக்கும் சின்ன வயசுலேர்ந்து அது ஒரு இதாவே கீது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மஸ்தான் தன் கையால் செய்த தேக்குப் பெட்டி, வெற்றிலைப் பெட்டி அளவு. உள்ளே வெல்வெட். மோதிரத்தைப் போட்டு மூடி, லேசாகச் சாய்த்தால், ஒரு தகடு விழுந்து மோதிரத்தை மறைக்கும். மறுபக்கம் சாய்த்தால் தகடு ஏறிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. நான் மயிலாப்பூரில் ஒரு சங்கத்தின் கூட்டத்தில் மஸ்தானைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், பாய் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. காட்டலாம், செய்யக் கூடாது. தாதாவுக்கு அப்புறம் அதில் யாரும் எதையும் போட்டதில்லை. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பட்டனைப் போட்டுப் பார்த்தேன். (தலையை ஆட்டினேனே தவிர, வாயால் சத்தியம் செய்யவில்லை என்பது என் கட்சி.) பட்டன் மறைந்தது, வந்தது. பதினோரு தடவை பிசகாமல் வந்தது. பன்னிரண்டாவது தடவை கண்ணாடி முன்னால் நின்று ஒரு கையைத் தூக்கியும் பார்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் கல்யாண விஷயம் உள்ளே வருகிறது. அம்மா எனக்கு ஒரு ஜாதகம் பார்த்திருந்தாள். பெண் பெயர் வைதேகி, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். போட்டோ பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எதற்கும் 'ஏன்' கேட்கத் தோன்றவில்லை, அப்படி ஒரு முகம். அவளுடைய அப்பா தணிக்கை அதிகாரியாக இருந்து ரிடையர் ஆனவர். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பையனைப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பையனுக்குத் தெரியாமல் பையனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. என் கூட்டத்துக்குப் பெண்ணோடு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன், பையனிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா மூச்சு விடாமல் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் என்பதால் கூட்டம் மூன்று மணிக்கே. மூன்றாவது வரிசையில் அவளுடைய அப்பா, அதாவது எனக்கு வரப்போகும் மாமா. பக்கத்தில் வைதேகி, போட்டோவைவிட அழகாக. நான் பேச ஆரம்பித்தேன். நோட்டீஸைப் பெரிதாகத் திரையில் போட்டேன். பர்மா கதைக்குச் சிரித்தார்கள். முட்டைக் கதைக்கு அதைவிடச் சிரித்தார்கள். தலை கிர்ரென்று ஏறிவிட்டது. நோட்டீஸின் கடைசி வரியைக் காட்டி, மஸ்தான் கல் மோதிரத்தை ஏன் தொடவில்லை தெரியுமா என்று கேட்டேன். கல் மோதிரம் பணக்காரர்களுடையது, அவர் எளிய மக்களின் கலைஞர், சாதாரண மனிதனின் சாதாரண மோதிரம் போதும் என்ற உயர்ந்த உள்ளம் என்று நானே பதிலும் சொன்னேன். கைதட்டல். அவர் மேடையை விட்டதும் புகழ் வேண்டாம் என்ற துறவுதான் என்று அடுத்த வெடியையும் கொளுத்திப் போட்டேன். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் ஒரு குண்டுமணி அளவு கூடக் கிடையாது.

பெட்டியைக் கையில் எடுத்தேன். காட்டிவிட்டுக் கீழே வைத்திருக்கலாம். வைதேகி கழுத்தை நீட்டிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "யாராவது ஒரு மோதிரம் தர முடியுமா?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் ஒரு புண்ணியவான் உடனே தன் வளையமோதிரத்தைக் கழற்றி நீட்டினார். அதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அவரைத் தாண்டி, நேராக மூன்றாவது வரிசைக்குப் போய், மாமாவின் முன்னால், மேஜையிலிருந்து எடுத்த ஒரு தட்டை நீட்டினேன். வருங்கால மாமனாரின் மோதிரத்தை மறைத்து வரவழைத்துக் காட்டினால் மனுஷன் அங்கேயே தாம்பூலம் மாற்றிவிடுவார் என்று கணக்கு.

அவர் விரலில் இருந்தது நீலக்கல் மோதிரம். ஏழரை நாட்டுச் சனிக்காக ஜோசியர் சொல்லிப் போட்டுக்கொண்டது. கல் விரலில் படவேண்டும் என்று அடிப்பக்கம் திறந்து, மேலே கொட்டைப்பாக்கு மாதிரி எழும்பி நின்றது. அவர் தயங்கினார். ஹால் முழுக்கக் கைதட்டியது. பெண்ணும் பார்க்கிறாள், ஊரும் பார்க்கிறது, எப்படி மாட்டேன் என்பார்? திருகித் திருகிக் கழற்றினார். தட்டில் போடும்போது என் காதருகே குனிந்தார்.

"ஜாக்கிரதையா வெச்சுக்கோங்கோ. அஞ்சு நிமிஷத்துக்கு மேல இது விரலை விட்டு இருக்கப்படாது."

கல் மோதிரங்கள் வாங்கப்படமாட்டா என்ற வரி என் தலைக்குப் பின்னால் திரையில் ஆறடிக்கு நின்றது. அதற்கு முன்னால் நின்றுகொண்டு கல் மோதிரத்தைப் பெட்டியில் போட்டு மூடினேன். சாய்த்தேன், திறந்தேன். பெட்டி காலி. பிரமாதமான கைதட்டல். மூடி, மறுபக்கம் சாய்த்துத் திறந்தேன்.

பெட்டி காலி.

இதற்கும் கைதட்டினார்கள். அதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு தடவை. காலி. கைதட்டல் கொஞ்சம் மெலிந்தது. தகடு ஏறியிருக்கிறது, அடி தெரிகிறது, வெல்வெட் தெரிகிறது, மோதிரம் மட்டும் இல்லை. காதோரம் வைத்துக் குலுக்கினேன். ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. வித்தையின் ரகசியம் முழுக்கத் தெரிந்த நானே, அந்த நிமிஷம், மோதிரம் நிஜமாகவே மாயமாகிவிட்டது என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

பிறகு செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். மைக்கைப் பிடித்து, "மாமா, உங்கள் சட்டைப் பையில் பாருங்கள்" என்றேன். ஏன் சொன்னேன்? கபாலீஸ்வரர் பக்கத்தில்தானே இருக்கிறார், ஒருவேளை கொண்டு போய் வைத்திருக்கக் கூடாதா என்ற நப்பாசை. மாமா நம்பிப் பையைத் துழாவினார். மூக்குக் கண்ணாடிக் கூடு வந்தது, விபூதிப் பொட்டலம் வந்தது, ஒரு மாத்திரை அட்டை வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஹால் சிரித்தது. சங்கத்துக் காரியதரிசி நிலைமையைப் புரிந்துகொண்டு நன்றியுரை சொல்லத் தொடங்கிவிட்டார்.

மாமா மேடைக்கே வந்தார். "எங்கே?" என்றார். உள்ளேதான் மாமா என்றேன். "உள்ளேன்னா எங்கே? நீ திறந்து காட்டினதை நானும் பாத்துண்டுதானே இருந்தேன்?" இரண்டு நிமிஷம் முன்னால் வரை 'வெச்சுக்கோங்கோ'. அந்த மரியாதையும் மோதிரத்தோடு மறைந்தது, இன்று வரை திரும்பவில்லை.

இஸ்மாயில் பாய்க்குப் போன் செய்தேன். அவசர ஆர்டர் என்று பட்டறையில்தான் இருந்தார். நான் ஹலோ சொன்ன தினுசிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"இன்னா சார், போட்டுட்டீங்களா?"

கோபப்படவில்லை. அதுதான் சுருக்கென்றது. உடைக்காதீங்க, எடுத்துக்கினு வாங்க என்று மட்டும் சொன்னார்.

பெண்ணோடு முதல் முதலாக ஒரே வண்டியில் போகப்போகிறேன் என்றால் என்னென்ன கனவு இருக்கும்! எனக்குக் கிடைத்தது ஓர் ஆட்டோ. அந்த ஓரம் வைதேகி, இந்த ஓரம் நான், நடுவில் அவளுடைய அப்பா, அவர் மடியில் பெட்டி. என்னைத் தொட விடவில்லை. ராகு காலம் வேறு தொடங்கிவிட்டது. கிண்டி தாண்டுவதற்குள் ஆட்டோ இரண்டு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் மாமா வெறும் விரலைத் தடவிக்கொண்டு, "பாத்தியா, ஆரம்பிச்சுட்டார்" என்றார். சனீஸ்வரனைச் சொன்னார். எல்லாம் போயிற்று, இந்த ஜாதகம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மோதிரத்தைக் கூட வாங்கிக் கொடுத்துவிடலாம். அவளை எங்கே போய்த் தேடுவது?

வைதேகி அப்பாவுக்கு முன்னால் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"வீட்டுல எதைப் போட்டுப் பழகினேள்?"

"சட்டைப் பட்டன்."

"பட்டன்ல கல் உண்டோ?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவள் கோபமாகக் கேட்கவில்லை, வகுப்பில் கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டாள். பட்டன் தட்டையாகப் படுக்கும், கல் மோதிரம் படுக்காது, நிமிர்ந்து நின்று தகட்டின் பின்விளிம்பைத் தூக்கிவிடும், அந்த இடுக்கில் வழுக்கிப் பின்னால் போயிருக்கும் என்றாள். "அதனாலதான் கல் மோதிரம் வாங்கமாட்டோம்னு போட்டிருக்கார். நீங்க அதை ஏழைகள் மேல அன்புன்னு சொன்னேள்." எட்டு மாத ஆராய்ச்சி, கிண்டி சிக்னலில் முடிந்தது.

பட்டறையில் பாய் பெட்டியைக் கவிழ்த்து, ஓரத்து வெல்வெட்டைப் பிளேடால் நெம்பினார். நாலு ஸ்க்ரூ. அடிப்பலகையைத் தூக்கினால் உள்ளே கெட்டியாகப் பஞ்சு. எதுவும் கடகடவென்று ஆடிக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தையல்காரர் மூளை செய்த ஏற்பாடு. பஞ்சுக்குள் நீலக்கல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. மாமா பாய்ந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி விரலில் மாட்டிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. பலகையை மூடப்போன பாயின் கையை வைதேகிதான் நிறுத்தினாள்.

"இருங்கோ. உள்ள இன்னொண்ணு இருக்கு."

பழுத்துப்போன பஞ்சுக்கு அடியில், இன்னும் உள்ளே, ஒரு சிவப்புக்கல் மோதிரம். பழைய மோஸ்தர். கறுத்திருந்தது.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மோதிரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வக்கீல் வீடு. தாதா வருஷம் தவறாமல் அந்த வீட்டுக்கு மட்டும் காசு வாங்காமல் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வக்கீல் போன பிறகும் அவர் பிள்ளைகளுக்குத் தைத்தார். அந்தக் கடைசி மயிலாப்பூர் ஷோவில் முன்வரிசையில் வக்கீல் இருந்திருக்க வேண்டும். அவர் நீட்டிய கல் மோதிரத்தை வேண்டாம் என்று சொல்ல மஸ்தானால் முடிந்திருக்காது.

"கல்லு தகட்டுல சிக்கும்னு தெரியும், பின்னால பூடும்னு தெரில. ஒடச்சுப் பாத்திருந்தா கெடச்சிருக்கும். பாக்கல சார். நெஜமாவே மாயமா பூட்ச்சுன்னு நெனச்சு பயந்துட்டாரு எங்க தாதா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்தார், கன்னமெல்லாம் கறை. எத்தனை பேரை நம்ப வைத்தவர்! அந்தக் கடைசி நாளில் தன் வித்தையை முழுசாக நம்பியது அவர் ஒருவர்தான். இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் உலகத்தில் கிடையாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் நானும் அப்படித்தானே நின்றேன்? சொன்ன சொல்லை மீறினதற்குப் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "மீறாங்காட்டி இது தெரிஞ்சிருக்காதே" என்று எல்லோருக்கும் டீ வரவழைத்தார். மாமா வெளியிடத்தில் எதுவும் சாப்பிடாதவர். அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

(வக்கீலின் பேத்தியைப் பிறகு கண்டுபிடித்தோம். மோதிரத்தைக் கையில் வாங்கிய அந்த அம்மாள், அதற்காகவா அத்தனை சட்டை, நாங்கள் அவருக்குத் தைக்கிறதில் கொஞ்சம் பைத்தியம் என்று நினைத்தோமே என்றாள்.)

திரும்பி வரும் ஆட்டோவில் பெட்டி இல்லை, ஆனால் மாமா நடுவிலேயேதான் இருந்தார். மூன்று நாள் அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாலாவது நாள் சம்மதம் என்று வந்தது. அப்பாவுக்கு மனசில்லை, வைதேகிதான் பிடித்த பிடியில் நின்றாளாம். ஏன் என்று நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இவ்வளவு தப்பாகப் பேசுகிறவரைப் பக்கத்தில் இருந்து திருத்த ஆள் வேண்டாமா என்பாள்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாமாவின் ஏழரை எப்போதோ முடிந்துவிட்டது. மோதிரத்தை மட்டும் கழற்றவில்லை. தீபாவளிக்கு நான் நமஸ்காரம் செய்தால், வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் அட்சதை போடுகிறார். என் பெண் கூட, நான் ஒரு வாய் ஐஸ்கிரீம் கேட்டால், "திரும்பி வருமாப்பா?" என்கிறாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது வழக்கம். ஒரு வைரமோ, சிவப்போ, போகட்டும் ஒரு பச்சையோ வைத்திருக்கும். எனக்கு மாமா போட்டது வெறும் வளையம். மழமழவென்று, தட்டையாக. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மணையிலேயே, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, ஒரே பிள்ளைக்கு ஒரு பொடிக் கல்லாவது வைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். மாமா என் விரலில் அதை நன்றாக அழுத்தி மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கல் வைத்த மோதிரங்கள் வாங்கப்படமாட்டா. நோட்டீஸ்லயே போட்டிருக்கே, மாமி."